விடுமுறைக்குப் பூட்டப்படும் அலுமாரிகள்

யாழ்ப்பாணத்தார் வழக்கில் 'படிப்பு' என்ற சொல்லுக்கும் 'வாசிப்பு' என்ற சொல்லுக்கும் இடையில் ஒரு மதில் எழுப்பப்பட்டிருக்கிறது. பிள்ளை பாடக் கொப்பியை விரித்து வைத்திருந்தால் அது படிப்பு. அதே பிள்ளை அதே மேசையில் ஒரு நாவலை விரித்து வைத்திருந்தால் அது 'கதைப்புத்தகம்'. முன்னதற்குத் தேநீர் வரும். பின்னதற்கு ஏச்சு வரும். பாடசாலைத் தவணை நடைபெறும் காலத்தில் இப்பாகுபாட்டுக்கு ஏதோவொரு நியாயம் கற்பிக்கலாம். சித்திரையிலும் ஆவணியிலும் மார்கழியிலும் பாடசாலைக் கதவுகள் மூடப்பட்ட பின்னரும் அந்த மதில் அசையாது நிற்பதுதான் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படும் வழக்கு.

விடுமுறை என்பது யாது? முறையினின்றும் விடுபட்டிருக்கும் காலம் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். குடாநாட்டின் மாணவனுக்கு அத்தகைய காலம் ஆண்டில் ஒரு கிழமையேனும் வாய்க்கிறதா என்று விசாரித்தால் விடை எளிதிற் கிடைக்கும். பாடசாலை மூடப்படும் நாளுக்கு முன்னரே மதில்களிலும் மின்கம்பங்களிலும் 'விடுமுறைக்கால விசேட வகுப்பு', 'துரித மீட்டல்', 'வினாத்தாள் வகுப்பு' என்னும் விளம்பரங்கள் ஒட்டப்பட்டுவிடும். தவணைக் காலத்தில் மாலையில் மட்டும் கூடிய ரியூட்டரி விடுமுறையிற் காலையிலும் கூடும். தகரக் கூரையின் கீழ், நெருக்கமாகப் போடப்பட்ட வாங்குகளில், நூற்றுக்கு மேற்பட்டோர் ஒருவர் முழங்கை மற்றொருவர் கொப்பியில் இடிக்க அமர்ந்து, ஆசிரியர் சொல்வதை எழுதிக்கொண்டிருப்பர். பாடசாலையிற் சொல்லப்பட்டதே அங்கும் சொல்லப்படும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் ஆவணி விடுமுறையோடு ஒட்டி வரும் ஆண்டுகளில், தேர் நாளன்றும் தீர்த்த நாளன்றும் வகுப்பு உண்டா இல்லையா என்பதே வீடுகளில் எழும் பெருவினா. வாசிப்பைப் பற்றிய வினா எழுவதேயில்லை.

இந்நிலைமைக்குப் பெற்றோரின் பேராசையே காரணம் என்று எழுதிவிட்டு அமைதி காண்பது எளிது. ஆயின் அது நேர்மையாகாது. வற்றாத ஆறொன்றும் ஓடாத, சுண்ணாம்புக்கல்லின் மேற் படிந்த செம்மண்ணையும் கிணற்று நீரையும் நம்பிய ஒரு நிலத்தில், பெருங் கைத்தொழில் எதுவும் வேரூன்றாத ஒரு பிரதேசத்தில், கல்வியே முதலீடாயிற்று. எழுதுவினைஞராகக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனவர் அனுப்பிய பணம் கல்வீடாயும் சீதனமாயும் உருமாறியதைக் கண்ட தலைமுறைகள், பரீட்சை என்பது வாயில் என்று கண்டுகொண்டன. 1970களின் முற்பகுதியில் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தலும் அதன் பின் வந்த மாவட்ட அடிப்படையிலான பல்கலைக்கழக அனுமதியும் அவ்வாயிலை மேலும் ஒடுக்கின. ஒரு புள்ளி குறைந்தால் வாழ்வே கைநழுவிப் போகும் என்ற அச்சம் அன்று வீடுதோறும் புகுந்தது; இன்றும் அது வெளியேறவில்லை. போர்க்காலத்தில், 1990 முதற் பல ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றிக் கிடந்தபோது, மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்தும் ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து பரீட்சைக்கு ஆயத்தம் செய்த மாணவர் சமுதாயம் இது. அதன் விடாமுயற்சியைப் பழிப்பவன் வரலாறு அறியாதவன்.

எனினும், அச்சத்திற் பிறந்த ஒரு பழக்கம் அச்சத்துக்கான காரணங்கள் மாறிய பின்னரும் தன்போக்கிற் பெருகி, ஈற்றில் ஒரு வாணிபமாகவே நிலைபெற்றுவிட்டது என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காக ஒன்பது வயதுப் பிள்ளையின் மார்கழி விடுமுறையைப் பறிப்பதற்கு எந்த வரலாற்று நியாயத்தைக் காட்டுவது? க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையின் கடைசி வினாத்தாளை எழுதி முடித்த மாணவன், பெறுபேறு வருவதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே, தான் எத்துறைக்குத் தகுதியுடையவன் என்று அறிவதற்கு முன்னதாகவே, உயர்தர வகுப்பின் வாங்கில் அமர்த்தப்படுகின்றான். பதினாறு வயதில் ஒருவனுக்குக் கிடைக்கும் அந்த இடைவெளி வாழ்வில் மறுமுறை கிடைப்பதன்று. நீண்ட நாவலொன்றைப் பகல் முழுதும் வாசித்து, இரவு அதைப் பற்றியே நினைத்துக் கிடக்கக்கூடிய வயது அது. அவ்வயதில் அவன் பௌதிகவியலின் முதலாம் அலகை எழுதிக்கொள்கிறான். பின்னர் பாடசாலையில் மீண்டும் எழுதுகிறான். அதன் பின் மீட்டல் வகுப்பில் மூன்றாம் முறை எழுதுகிறான்.

இனி, நூல்களின் பக்கம் வருவோரின் நிலை யாது என்பதை நோக்குதல் வேண்டும். இங்குதான் யாழ்ப்பாணச் சமூகத்தின் இரட்டை முகம் தெளிவாகத் தெரிகிறது.

1933இல், நீதிமன்றத்திற் பணியாற்றிய க. மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலிருந்த நூல்களைப் பிறருக்கு வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அம்முயற்சி அடுத்த ஆண்டில் ஆசுபத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்குச் சென்றது. அப்போது அங்கிருந்த நூல்கள் ஆயிரத்தையும் எட்டவில்லை. 1935இற் பட்டின சபை அதனைப் பொறுப்பேற்றது. 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு, களியாட்ட விழா முதலானவற்றால் மக்களிடம் திரட்டிய நிதியும் சேர, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்துக்கமைய எழுந்த கட்டடம் 1959 ஒக்டோபர் மாதத்திற் திறக்கப்பட்டது. நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையும் அதற்குக் கிடைத்தது. 1981 மே 31ஆந் திகதி தொடங்கிய வன்செயல்களின்போது அந்நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அந்நாட்களிலேயே தீக்கிரையானது. இவ்வரலாறு யாழ்ப்பாணத்திற் பிறந்த எந்த மாணவனுக்கும் தெரியும், தெரியாதவனைக் காண்பதரிது. ஆண்டுதோறும் யூன் மாதம் பிறக்கும்போது அது நினைவுகூரப்படுகிறது, பேச்சுப்போட்டியிற் பேசப்படுகிறது, கவியரங்கிற் பாடப்படுகிறது. அந்நினைவு வேண்டியதே, அதனைக் கைவிடுமாறு சொல்வோர் இங்கு எவருமிலர்.

கேட்கப்பட வேண்டிய வினா வேறு. எரிந்த நூல்களுக்காக மனம் வேகும் வீட்டில், எரியாத நூல் ஒன்றைப் பிள்ளை கையிலெடுத்தால் ஏன் ஏச்சு விழுகிறது? இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மீளமைக்கப்பட்டு வெண்ணிறத்தில் நிற்கும் அக்கட்டடத்தின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வோருட் பலர் அங்கத்துவ அட்டை பெறும் மேசையை நாடுவதில்லை. உயர்தர மாணவர் உள்ளே வருவதுண்டு. ஆயின், குளிர்ச்சியான மண்டபத்திற் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்ப்பதற்கே பெரும்பாலும் வருகின்றனர். நூலகத்தின் மேசையும் கதிரையும் பயன்படுகின்றன. நூல்களோ தட்டுகளில் ஓய்வெடுக்கின்றன. தீயிட்டவன் நூலை அழித்தான். தீண்டாதவன் என்ன செய்கிறான் என்று கேட்டால் கடுமை எனத் தோன்றலாம். கடுமையாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

பாடசாலைகளின் நிலைமை இதனினும் விசித்திரமானது. பல பாடசாலைகளில் நூலகம் என்பது கண்ணாடி அலுமாரிகள் நான்கைந்து. தவணை முடிவு நெருங்கியதும், இரவல் கொடுத்த நூல்கள் அனைத்தையும் ஒப்படைக்குமாறு அறிவித்தல் வரும். கணக்கெடுப்பு நடக்க வேண்டும். நூல் தொலைந்தாற் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே விடுமுறைக்கு முன் அலுமாரி நிறைந்து பூட்டப்பட்டிருக்க வேண்டும். பதின்மூன்று கிழமைகள் நேரமின்றி ஓடித் திரிந்த மாணவனுக்கு நேரம் கிடைக்கும் நாளன்று நூல் பறிக்கப்படுகிறது. நெல் விளையும்போது வாய்க்காலை அடைத்துவிட்டு, அறுவடை முடிந்த பின் மதகைத் திறக்கும் கமக்காரனை எவரும் கண்டதில்லை. நூலகப் பொறுப்பாளரைக் காணலாம். இதில் தனியொரு ஆசிரியரைக் குறைகூறுவது தகாது. தொலைந்த நூலுக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் உண்டு. வாசிக்கப்படாத நூலுக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் இல்லை. இவ்வொழுங்கை எழுதியவர்களுக்கு நூல் என்பது தளபாடம்.

ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாக இலங்கை முழுவதும் கொண்டாடப்படுகிறது. பதாகை கட்டப்படும், ஊர்வலம் போகும், 'வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்' என்ற பொருளிற் கட்டுரைப் போட்டி நடைபெறும். அப்போட்டிக்கான கட்டுரையும் ரியூட்டரி ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனனம் செய்ததாக இருக்கும். பரீட்சைகள் கழுத்தை நெரிக்கும் மூன்றாம் தவணையில் இக்கொண்டாட்டத்தை நடத்திவிட்டு, நேரம் தாராளமாகக் கிடக்கும் ஆவணியிலும் மார்கழியிலும் கைகட்டி இருப்பதேன் என்று உள்ளூராட்சி மன்றங்களும் கல்வித் திணைக்களமும் தம்மைத் தாமே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

வாசிப்புக்காகப் பரிந்து பேசுவோரும் இப்பழியிற் பங்குடையவர்களே. அவர்கள் முன்வைக்கும் வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: வாசித்தால் மொழித்திறன் வளரும், கட்டுரை வினாவிற் கூடிய புள்ளி கிடைக்கும். இது பொய்யன்று. ஆயினும் தோற்றுப்போகும் வாதம். புள்ளிதான் பயன் என்று ஒப்புக்கொண்ட கணமே, புள்ளியை விரைவாகத் தரவல்ல ரியூட்டரிக்கு வாசிப்பு இடம்விட்டாக வேண்டும். வினாத்தாள் செய்வதோடு நாவல் வாசிப்பது புள்ளிக் கணக்கிற் போட்டியிட இயலாது. இயல வேண்டிய தேவையுமில்லை. வகுப்பறையில் மாணவன் வாசிப்பவை யாவும் பிறர் தெரிந்தவை: பாடத்திட்டம் தெரிந்தது, ஆசிரியர் குறித்தது, பரீட்சகர் எதிர்பார்ப்பது. தனக்கு எது பிடிக்கும், எதனோடு தனக்கு உடன்பாடில்லை, எந்நூலைப் பாதியில் மூடிவைக்கலாம் என்று தானே முடிவுசெய்யும் அனுபவம் விடுமுறை வாசிப்பில் மாத்திரமே அவனுக்கு வாய்க்கிறது. அவ்வனுபவம் ஒருபோதும் வாய்க்காதவன் இருபது வயதிற் பல்கலைக்கழகம் புகுந்து, விரிவுரையாளரின் குறிப்பைப் பிரதிபண்ணி, சென்ற ஆண்டு மாணவரின் குறிப்போடு ஒப்பிட்டு, இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது என்று திகைத்து நிற்கிறான். கலைப்பீடங்களில் நிகழும் இத்திகைப்பு விரிவுரை மண்டபத்திற் பிறந்ததன்று. வாசிக்காது கழிந்த பத்துப் பன்னிரண்டு விடுமுறைகளின் விளைவு அது.

மற்றொரு சாரார் 'நல்ல நூல்' பட்டியலோடு வருவர். பிள்ளைக்கு முதலிற் கொடுக்க வேண்டியது அறநூல், பின்னர் பெரியார் வரலாறு, அதன் பின் அறிவியல். மர்மக் கதையும் சித்திரக் கதையும் கூடவே கூடா. இப்பட்டியல்களால் வாசகன் ஒருவனேனும் உருவானதாகத் தெரியவில்லை. அம்புலிமாமாவிற் தொடங்கி, கல்கியின் தொடர்கதைகளுக்குச் சென்று, துப்பறியும் நாவல்களில் நெடுநாட் கிடந்து, பின்னரே ஆழ்ந்த இலக்கியத்துக்கு வந்தோர் பலர் ஈழத்து எழுத்தாளரிடையே உண்டு. பசியெடுத்தவனிடம் ஊட்டச்சத்து அட்டவணையை நீட்டுதல் அறிவுடைமையாகாது.

பரீட்சையே மனிதனை ஆக்கும் என்போர் டொமினிக் ஜீவாவின் வாழ்வை ஊன்றிக் கவனித்தல் நன்று. சாதிக் கொடுமை நிலவிய வகுப்பறையிலிருந்து ஐந்தாம் வகுப்போடு வெளியேறியவர் அவர். யாழ்ப்பாண நகரிற் சிகையலங்கார நிலையத்தில் தொழில் செய்துகொண்டே வாசித்தார், எழுதினார். 1960இல் வெளிவந்த அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கிப் பல தசாப்தங்கள் நடத்தினார். அச்சிதழைத் தாமே கைகளிற் சுமந்து தெருத்தெருவாக விற்றார். அவருக்கு விடுமுறை என்று எவரும் கொடுத்ததில்லை. தொழிலுக்கிடையிற் கிடைத்த வேளைகளைத் தாமே விடுமுறையாக்கிக் கொண்டார். மூன்று ஏ சித்தி பெற்றவர்களை யாழ்ப்பாணம் ஆண்டுதோறும் பூமாலையிட்டு வரவேற்கிறது. அவர்களுள் எத்தனை பேரின் பெயர் பத்தாண்டின் பின் நினைவில் நிற்கிறது என்பதைக் கணக்கெடுப்பது சங்கடமான வேலை.

வாசிக்க நூல் எங்கே என்று கேட்போர் உளர். 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, அவ்வெற்றிடத்தில் ஈழத்து நூல்வெளியீடு தளிர்த்தது. வீரகேசரிப் பிரசுரமாக வந்த பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' ஆகியன அக்காலத்தவை. நெடுந்தீவின் பரப்பளவையும் அங்குள்ள குதிரைகளையும் பற்றிப் பொது அறிவு வினாவுக்கு விடை எழுதும் மாணவன், அத்தீவுக் கடலில் வாடை பெயரும் காலத்தை மனிதரோடும் பறவைகளோடும் காட்டும் அந்நாவலைக் கண்டதில்லை. வீட்டு வாசலிற் கிடக்கும் நூல் அது. விலை கொடுத்து வாங்க இயலாதெனில் 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பல்லாயிரக்கணக்கிற் கட்டணமின்றிக் கிடக்கின்றன. கைத்தொலைபேசியே வாசிப்பைக் கொன்றது என்று புலம்புவோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைபேசி வருவதற்கு முன்னரே ரியூட்டரி விடுமுறையைத் தின்று முடித்திருந்தது. பழியை மட்டும் தொலைபேசி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் அவசரமின்றிக் கூற வேண்டும். விடுமுறை எல்லோருக்கும் ஓய்வன்று. வெங்காயமும் புகையிலையும் பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை தோட்டத்துக்குப் போகிறான். கரையோரத்துப் பிள்ளை வலை தெரிகிறான். இவர்களிடம் சென்று வாசிப்பின் மேன்மையை விரித்துரைப்பது வீண். பெண்பிள்ளைகளின் நிலை வேறொரு வகையில் இறுக்கமானது. ஊர் வாசிகசாலை வாங்குகள் காலையிலும் மாலையிலும் ஆண்களால் நிறைந்திருக்கின்றன. பத்திரிகையைப் பங்கு போட்டு வாசித்து அரசியல் பேசும் அவ்விடத்துக்குப் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை தனியே போய் ஒரு நூலை எடுத்து வருவதை ஊர் இன்றும் இயல்பாக ஏற்பதில்லை. அவளை ரியூட்டரிக்குச் சைக்கிளில் இருளும்வரை அனுப்பும் அதே வீடு, வாசிகசாலைக்கு அனுப்பத் தயங்குகிறது. ஆகவே நூல் அவர்களைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டும். செல்லப்பா 1933இற் செய்தது ஏறக்குறைய அதுவே. அவருக்கு மாடிக் கட்டடம் எதுவும் அப்போது இருக்கவில்லை.

செய்யத்தக்கவை பெரியனவல்ல. ரியூட்டரிகளை முற்றாக மூடுமாறு கோருவது நடக்கக்கூடியதன்று. ஒவ்வொரு விடுமுறையிலும் இரு கிழமைகள், அதிலும் பத்தாம் தரத்துக்குக் கீழ்ப்பட்டோருக்கு வகுப்பு வைப்பதில்லை என்ற உடன்பாடு நடக்கக்கூடியது. அதற்குப் பெற்றோர் சங்கங்களே முதலில் இணங்க வேண்டும். ஒரு வீடு மட்டும் இணங்கினால் அவ்வீட்டுப் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானதே, ஆகையால் ஊராக இணங்க வேண்டும். பாடசாலை அலுமாரிகளின் கணக்கெடுப்பைத் தவணையின் நடுவுக்கு மாற்றி, விடுமுறைக்கு முன்தினம் ஒவ்வொரு மாணவனும் விரும்பிய இரு நூல்களோடு வீடு செல்ல வழிசெய்வதற்குச் சுற்றறிக்கை ஒன்று போதும். தொலையும் நூல்கள் தொலையட்டும். கறையான் தின்றவற்றை விட அவை குறைவாகவே இருக்கும்.

பல்கலைக்கழக விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் இதில் நேரடிப் பொறுப்புடையோர். பருவப் பரீட்சை முடிந்ததும் ரியூட்டரியிற் கற்பித்துச் செலவுக்குப் பணம் தேடுவோர் அவர்களுட் பலர். அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே ஊரில் சனசமூக நிலையம் ஒன்றும் இருக்கிறது. அதன் மூலையில், பழைய தலைவர் ஒருவரின் படத்துக்குக் கீழே, அலுமாரி ஒன்றும் இருக்கிறது. உள்ளே என்ன நூல்கள் உள்ளன என்பது நிர்வாக சபையில் எவருக்கும் சரியாகத் தெரியாது. அவற்றைத் தூசு தட்டி ஒரு கொப்பியில் பெயரெழுதி, சைக்கிளிற் கட்டிக்கொண்டு பத்து வீடுகளுக்குக் கொண்டுசெல்ல இரண்டு மாணவரும் மூன்று மாலைகளும் போதும். அதற்கு முன்னர், அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கிறதென்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.